அடி நிறுத்தியதா? ஆர்வெல்லின் கட்டுரையும் நம் பிள்ளைகளின் ஈரப் பாயும்

இந்த மாதத் திறனாய்வுப் பகுதியில் நியாயமாக ஒரு தமிழ்ச் சிறுகதை வந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு மாதமாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பது ஓர் ஆங்கிலக் கட்டுரை. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘சச், சச் வேர் தி ஜாய்ஸ்’. ‘விலங்குப் பண்ணை’யும் ‘1984’ நாவலும் எழுதிய அதே ஆர்வெல்தான். பீகார் மாநிலத்து மோதிஹாரியில் 1903-இல் பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்து போனவர். 1911-இல், எட்டு வயதில், ஈஸ்ட்போர்ன் ஊரிலிருந்த செயின்ட் சிப்ரியன்ஸ் என்ற விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்கே கழிந்த நாட்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. அவர் 1950-இல் இறந்த பிறகு, 1952-இல்தான் அச்சுக்கு வந்தது, அதுவும் அமெரிக்காவில். அவதூறு வழக்குக்குப் பயந்து இங்கிலாந்தில் 1968 வரை யாரும் அதை வெளியிடவில்லை.

கட்டுரை எங்கே தொடங்குகிறது தெரியுமா? படுக்கையை நனைப்பதில். உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர் தன் பள்ளி வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் எத்தனையோ இடத்தில் ஆரம்பிக்கலாம். இவர் ஈரப் படுக்கையில் ஆரம்பிக்கிறார். நாம் யாரும் அப்படி ஆரம்பித்ததில்லை. தோட்டத்து வாழ்க்கையை எழுதியவர்கள் பால்மரத்தையும் பெரட்டுக் களத்தையும் கங்காணியையும் எழுதினோம். விடியற்காலையில் லயத்து வாசலில் காயப்போட்ட சாக்கையும் கிழிந்த போர்வையையும் எழுதினோமா? சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன் நான். எந்த வீட்டுக் கொடியில் எந்தப் போர்வை தினமும் காய்கிறது என்பது லயம் முழுக்கத் தெரியும். அந்தப் பையனுக்கு வைத்த பெயரும் தெரியும். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவர் இப்போது பேரன் எடுத்துவிட்டார். இன்னமும் சிலர் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

கட்டுரைக்கு வருவோம். புதுப் பள்ளிக்கு வந்த ஓரிரு வாரத்தில் சிறுவன் படுக்கையை நனைக்க ஆரம்பிக்கிறான். நாலு வருஷத்துக்கு முன்பே விட்டுப்போன பழக்கம், திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொரு இரவும் கடவுளிடம் வேண்டிக்கொண்டு படுக்கிறான். வேண்டுதலுக்கும் விளைவுக்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த முறை நனைத்தால் அடி என்று எச்சரிக்கிறார்கள், அதுவும் ஒரு விருந்தாளி அம்மாள் முன்னால். ஆறாம் வகுப்புப் பெரிய பையன்கள் வந்து அடிப்பார்கள் என்பதை, அந்த அம்மாளே அடிக்கப் போகிறாள் என்று பையன் தப்பாகக் காதில் வாங்கிக்கொள்கிறான். ஆங்கிலத்தில் ‘சிக்ஸ்த் ஃபார்ம்’ என்பது அவன் காதில் ‘மிசஸ் ஃபார்ம்’ என்று விழுகிறது! படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் பயத்தில் இருக்கும் குழந்தையின் காது அப்படித்தான் வேலை செய்யும் என்பதை இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல முடியாது. திறனாய்வு எழுதும் மாணவர்கள் பாத்திரப் படைப்புக்கு உதாரணம் தேடினால் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அடி. தலைமையாசிரியர் குதிரைச் சவுக்கால் அடிக்கிறார். வெளியே வந்த பையன், வலிக்கவில்லை என்று நண்பர்களிடம் வீரம் பேச, அது தலைமையாசிரியர் மனைவியின் காதில் விழுந்துவிட, மறுபடியும் உள்ளே. இந்த முறை சவுக்கே உடைந்துபோகிறது. உடைந்ததற்கும் பையனையே குற்றம் சொல்கிறார் தலைமையாசிரியர். பையன் அழுகிறான். வலியால் மட்டும் அல்ல. தான் விரும்பாமலே, தனக்குத் தெரியாமலே தன்னால் ஒரு பாவம் நடந்துவிடுகிறது. நல்லவனாக இருக்க முடியாத ஓர் உலகத்தில் மாட்டிக்கொண்டோம் என்ற துக்கம். இந்தப் பக்கங்கள் கட்டுரையின் உச்சம். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

என் சண்டை அதற்குப் பிறகு வரும் ஒரு வாக்கியத்தோடு. இரண்டாவது அடிக்குப் பிறகு இன்னொரு முறை படுக்கை நனைந்ததாம், இன்னொரு முறை அடி விழுந்ததாம், அதோடு நின்றுபோனதாம். ஆகவே, விலை அதிகம் என்றாலும் இந்தக் காட்டுமிராண்டி வைத்தியம் ஒருவேளை பலிக்கத்தான் செய்கிறது என்ற பொருளில் ஆர்வெல் எழுதிவிடுகிறார்.

இங்கேதான் புத்தகத்தை மூடி வைத்தேன். ஏனென்றால் இதே வாக்கியத்தை நம் ஆசிரியர் அறைகளில் தமிழில் கேட்டிருக்கிறேன். ‘ரெண்டு போடு போட்டேன் சார், அன்னையோட நின்னுருச்சு.’ பெற்றோர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் சொந்த அப்பாவே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆர்வெல் போன்ற ஒருவர், அதிகாரத்தின் பொய்களை வாழ்நாள் முழுக்கத் தோலுரித்தவர், தன்னை அடித்தவருக்கே நற்சான்றிதழ் கொடுக்கிறார் என்றால், இந்த நம்பிக்கை எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், மறுப்பு அதே கட்டுரைக்குள் இருக்கிறது. வீட்டிலிருந்து பிரித்து அந்நிய இடத்தில் விடப்பட்ட குழந்தைகளுக்கு இது இயல்பாக வருவது, இந்தக் காலத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறார். அது சரி என்றால், இடம் பழகப் பழக அதுவும் தானே போயிருக்க வேண்டும் அல்லவா? போனது. அந்த நேரத்தில் சவுக்கு கையில் இருந்தது, அவ்வளவுதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. முன்பக்கத்தில் காரணத்தைச் சொன்னவர், பின்பக்கத்தில் அதை மறந்துவிடுகிறார். எழுதுகிற பெரியவருக்குள் இருக்கும் எட்டு வயதுப் பையன் இன்னும் அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொண்டிருக்கிறான் என்றுதான் நான் வாசிக்கிறேன். இன்னொரு விதமாகவும் வாசிக்கலாம்: தனக்கு எதிரான சாட்சியையும் மறைக்காத நேர்மை அது என்று. என் சக ஆசிரியை ஒருவர் அப்படித்தான் வாதிட்டார். எனக்கு ஒப்பவில்லை. நேர்மையான சாட்சியும் தப்பான முடிவுக்கு வரலாம்.

கட்டுரையில் இல்லாத ஒருவரையும் கவனிக்க வேண்டும். இந்த விஷயத்துக்காக ஒரு மருத்துவர்கூட வரவில்லை. 1911-இல் மருத்துவர்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லைதான். பெல்லடோனா என்ற செடிச் சாற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் 1904-லேயே ஃபாண்ட்லர் என்ற குழந்தை மருத்துவர் ஒன்றைக் கவனித்திருந்தார். படுக்கை நனைந்தால் தாதிக்குத் தெரியட்டும் என்று ஒரு மணி பொருத்தினார். அந்த மணி அடித்து அடித்துப் பிள்ளைகள் நனைப்பதையே நிறுத்த ஆரம்பித்தார்கள். 1938-இல் அமெரிக்காவில் மௌரர் தம்பதியர் அதை முறையான சிகிச்சையாக்கினார்கள். இன்றும் பல நாடுகளில் முதல் சிகிச்சை அந்த மணிதான். சவுக்கு உடைந்த காலத்தில் மணி ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தது.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவு சுற்றினேன்.

முதலில் சில அடிப்படைகள், நலக்கல்வி ஆசிரியர்களுக்கு உதவும். ஏழு வயதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பிள்ளைகள் இரவில் நனைக்கிறார்கள். பதினைந்து வயதிலும் நூற்றுக்கு ஒருவர் இருவர் இருக்கிறார்கள். உங்கள் படிவம் 3 வகுப்பிலும் இருக்கலாம். சோம்பலோ திமிரோ காரணம் அல்ல. தூக்கத்தில் சிறுநீர்ச் சுரப்பைக் குறைக்கும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சிலருக்கு இரவில் போதுமான அளவு கூடுவதில்லை. சிலருக்குச் சிறுநீர்ப்பை அதிகம் தாங்காது. பை நிறைந்த செய்தி தூக்கத்தைக் கலைக்காததும் உண்டு. மலச்சிக்கலும் ஒரு காரணம். அதை யாரும் கேட்பதே இல்லை. பரம்பரையும் பெரிய காரணம்: பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 44 என்றும், இருவருக்கும் இருந்திருந்தால் 77 என்றும் ஒரு பழைய ஆய்வுக் கணக்கு மருத்துவ நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பையனை அடிக்கும் அப்பா தன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடிக்கலாம்.

இன்னொரு கணக்கு முக்கியம். எந்தச் சிகிச்சையும் இல்லாமலே, நனைக்கும் பிள்ளைகளில் ஆண்டுக்குச் சுமார் நூற்றுக்கு 15 பேருக்குத் தானாக நின்றுவிடுகிறது. ஆக, நீங்கள் எதைக் கொடுத்தாலும் பதினைந்து பேர் உங்களுக்கு நன்றி சொல்வார்கள். தாயத்துக் கட்டினாலும் சரி, எள்ளுருண்டை கொடுத்தாலும் சரி, பிரம்பை எடுத்தாலும் சரி. ஆர்வெல் ஏமாந்தது இந்தக் கணக்கில்தான். மாத்திரையைப் பற்றி நாம் ஏமாறுவதும் இதே கணக்கில் இருக்கிறது.

டெஸ்மோபிரெசின் என்பது அந்த வாசோபிரெசினின் செயற்கை வடிவம். 1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவில் உருவாக்கினார்கள். படுக்கப்போகும் முன் போட்டால் அன்றைய இரவு சிறுநீரகம் குறைவாகச் சிறுநீர் விடும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு முழுசாக நிற்கிறது. இன்னும் பலருக்கு ஓரளவு குறைகிறது. நல்ல மருந்துதான். ஆனால் அது அந்த ராத்திரிக்கான மருந்து. நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும். ‘ஒரு மாசம் சாப்பிட்டான், சரியாப் போச்சு’ என்று சொல்லும் பெற்றோரிடம், நிறுத்திய பிறகு எப்படி என்று கேட்க வேண்டும். மணி நேர்மாறானது: வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ஆனால் பலன் கிடைத்தவர்களில் ஒரு நல்ல பங்குக்கு நிலைத்து நிற்கும்.

அப்படியென்றால் மணிதானே சிறந்தது? மருத்துவ வழிகாட்டி நூல்கள் அப்படித்தான் சொல்கின்றன. எனக்கு இங்கே ஒரு விமர்சனம் உண்டு. அந்த நூல்களை எழுதியவர்கள் மனத்தில் பிள்ளைக்குத் தனி அறை இருக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, அதுவும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தபோது, லயத்திலிருந்து கிளம்பிய குடும்பங்கள் ஈப்போவைச் சுற்றி மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறின. ஒரே அறையில் பாட்டி, அக்கா, தம்பி. ராத்திரி ரெண்டு மணிக்கு மணி அலறினால் அடுத்த வீடு வரை எழுந்துவிடும். முதலில் எழ வேண்டிய பையன் மட்டும் தூங்குவான். அவனை எழுப்ப வேண்டிய அம்மா தொழிற்சாலையில் இரவு வேலையில் இருப்பார். இந்த வீட்டுக்கு மாத்திரை சோம்பேறித்தனமான தேர்வு என்று நான் சொல்ல மாட்டேன். பல சமயம் சாத்தியமான ஒரே தேர்வு அதுதான். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2010-இல் வெளியிட்ட வழிகாட்டியும், மணி பொருந்தாத குடும்பங்களுக்கும், முகாம் போன்ற குறுகிய காலத் தேவைக்கும் மாத்திரையை ஏற்கிறது. அதே வழிகாட்டியில் ஆசிரியர்களுக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு: நனையாத இரவுக்கு நட்சத்திரமோ பரிசோ கொடுக்காதீர்கள் என்கிறது. தூக்கத்தில் நடப்பதற்குப் பரிசு எதற்கு? பகலில் ஒழுங்காகத் தண்ணீர் குடித்ததற்கு, படுக்கும் முன் கழிவறை போய் வந்ததற்குக் கொடுக்கலாம். நட்சத்திரம் கிடைக்காத காலையும் ஒரு சின்னச் சவுக்குதான்.

பழைய மருந்து ஒன்றும் உண்டு, இமிப்ரமின். மனச்சோர்வுக்கான மாத்திரை, 1960-இல் இதற்கும் உதவுவதாக எழுதினார்கள். அளவு மீறினால் இதயத் துடிப்பைக் குலைத்து உயிரை எடுக்கும். வீட்டில் சின்னத் தம்பி தங்கை இருந்தால் இன்னும் ஆபத்து. இன்று நிபுணர்கள் கடைசியாகத்தான் அதைத் தொடுகிறார்கள்.

டெஸ்மோபிரெசினுக்கும் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்பு வரை அதிகம் தண்ணீர் குடிக்கக்கூடாது. சிறுநீர் வெளியேறாத நேரத்தில் தண்ணீர் உள்ளே போனால் ரத்தத்தில் உப்புச் சத்து நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், வாந்தி, குழப்பமான பேச்சு, கடைசியில் வலிப்பு. இதே மருந்து மூக்கில் அடிக்கும் வடிவத்திலும் இருந்தது. மருந்து எடுத்தவர்களில் 61 பேருக்கு வலிப்பு வந்து, அவர்களில் இருவர் இறந்த பதிவுகளை ஆராய்ந்துவிட்டு, 2007 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மூக்கு மருந்தைப் படுக்கை நனைத்தலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டது. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் மாத்திரையையும் நிறுத்தி வைக்க வேண்டும்.

இப்போது என் கதை. சில வருஷத்துக்கு முன் ஒரு புறப்பாட முகாமை நான் நடத்தினேன். பள்ளி எது என்பது வேண்டாம். இரவு விளையாட்டில் தோற்ற அணி ஆளுக்கு ஒரு பெரிய போத்தல் தண்ணீரைக் குடித்து முடிக்க வேண்டும் என்று விதி. அந்த விதியைப் போட்டவன் நான்தான். தண்ணீர் நல்லதுதானே, வெயிலில் ஓடிய பிள்ளைகள் என்று நினைத்தேன். படிவம் 1 மாணவன் ஒருவன் பென்சில் டப்பாவுக்குள் மாத்திரையை ஒளித்து வைத்திருந்தான். அன்று சீக்கிரமே போட்டுவிட்டான், யாரும் பார்க்காத நேரம் பார்த்து. பிறகு அவன் அணி தோற்றது. எல்லார் முன்னாலும் குடிக்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஏன் என்று கேட்போமே. குடித்தான்.

விடியற்காலை வாந்தி, தலையைப் பிடித்துக்கொண்டு சம்பந்தமில்லாத பேச்சு. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து உப்பில்லாத கஞ்சியும் இன்னும் தண்ணீரும் கொடுக்கப் போனோம். துணைக்கு வந்த ஆசிரியை ஒருவர்தான் ‘வேண்டாம் சார், முதல்ல ஆஸ்பத்திரி’ என்று காரை எடுத்தார். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டான். மருத்துவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: இவன் மருந்து எடுக்கிறான் என்று உங்களுக்குத் தெரியாதா?

தெரியாது. பெற்றோர் அனுமதிப் பாரத்தில் அந்தக் கேள்வி இருந்தது. அம்மா ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பிறகு அடுக்குமாடி வீட்டில் போய்ப் பார்த்தபோது கோபம் இல்லாமல்தான் சொன்னார்: ‘அந்தத் தாளைக் கிளாஸ் லீடர் பையன்தான சார் கலெக்ட் பண்றான்?’

ஆர்வெல்லின் அந்த வாக்கியம் ஏன் என்னை உறுத்துகிறது என்று இப்போது புரியும். அடி நிறுத்தியது என்று அவர் சொல்கிறார். அடியும் கேலியும் ஒன்றைத்தான் நிச்சயமாக நிறுத்துகின்றன, வெளியே சொல்வதை. 1911-இல் அதன் விலை ஒரு சிறுவனின் துக்கம். இன்று கையில் வேலை செய்யும் மருந்து இருக்கும்போது, அந்த வெட்கத்தின் விலை இன்னும் கூடிப்போகிறது. ஒளித்துப் போடும் மருந்துக்கு யார் காவல்? மாத்திரையைக் கொடுக்கும் கிளினிக் அதன் விதியை அம்மாவிடம் சொல்கிறது. முகாமில் போத்தலை நீட்டுகிறவனிடம் யாரும் சொல்வதில்லை.

செயின்ட் சிப்ரியன்ஸில் படித்த வேறு சிலர் ஆர்வெல் மிகைப்படுத்திவிட்டார் என்றார்கள். இருக்கலாம்; முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து எழுதியவரின் நினைவு. கட்டுரையின் பலம் சவுக்கின் நீள அகலத்தில் இல்லை, அந்தப் பையன் தானே குற்றவாளி என்று நம்பியதில் இருக்கிறது. என் மாணவனும் ஆஸ்பத்திரிப் படுக்கையில் முதலில் சொன்ன வார்த்தை ‘சாரி சார்.’

பணி நிமித்தம் படிக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். நாலைந்து வருஷம் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைக்க ஆரம்பித்தால், வீட்டில் பிரிவோ இழப்போ உண்டா என்று ஆலோசனை ஆசிரியர் மெதுவாகக் கேட்கட்டும். கூடவே நிறையத் தண்ணீர் குடித்து உடம்பு மெலிந்தால் நீரிழிவா என்று உடனே பார்க்க வேண்டும். பகலில் கழிவறைக்குப் போகக் கேட்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். மாத்திரை வேண்டுமா மணி வேண்டுமா என்பதை மருத்துவரும் குடும்பமும் முடிவு செய்யட்டும். ஐந்து வயதுக்குக் கீழே இரண்டுமே தேவையில்லை.

நாங்கள் இப்போது அனுமதிப் பாரத்தோடு ஒட்டிய உறை ஒன்றும் வாங்குகிறோம், மருந்து விவரத்துக்கு மட்டும். வகுப்புத் தலைவன் கைக்குப் போகாது, நேராக என்னிடம். முதல் வருஷம் எல்லா உறையும் காலியாக வந்தது. இந்த வருஷம் மூன்று உறைகளில் எழுத்து இருந்தது. ஒன்று ஆஸ்துமா. மற்ற இரண்டும் இதுதான், அதில் ஒன்று படிவம் 4 மாணவியுடையது. தோற்ற அணி இப்போது தண்ணீர் குடிப்பதில்லை, பாட்டுப் பாடுகிறது.